வில்லும் குடமும் – மேடை ஏற ஆசையா?



பெரிய ஊர்களில் புதுசாப் பழகுறவங்க கிதாரோடு மேடை ஏறிப் பாடுகிறார்கள். நமக்கும் ஆசைதான். ஆனா கிதார் வாங்கக் காசு வேணும், சொல்லித் தர ஆள் வேணும். அதனாலே ஆண்டு விழா வந்தா பென்டிரைவ் பாட்டுக்கு ஆடுறதோட முடிச்சுக்கிறோம். நம்ம தென்காசி, நெல்லைப் பக்கத்துச் சொந்த இசைக்கருவி என்னன்னு தெரியுமா? அதுதான் வில்லு!

கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீங்க. சுடலைமாடன் கதை, முத்துப்பட்டன் கதை எல்லாம் விடிய விடியப் பாடுவாங்க.

வில்லுப்பாட்டுக்கு என்னென்ன வேணும்?
1. வில் – பனை வைரத்திலோ மூங்கிலிலோ செய்வது. நாணைத் தோலால் முறுக்கிக் கட்டுவார்கள். மணிகள் தொங்கும்.
2. வீசுகோல் – நாணை அடிக்க 2 கோல்கள்.
3. மண்குடம் – வைக்கோல் புரிமணை மேல் வைத்து, அதன் கழுத்தோடு வில்லைக் கட்டுவார்கள். குடக்காரர் தட்டையான மட்டையால் குடத்து வாயில் அடிப்பார்.
4. உடுக்கை, தாளம், கட்டை.

சத்தம் எப்படி வருது?
நாண் அதிர்ந்தா காற்றும் அதிரும். ஆனா வெறும் நாணின் சத்தம் சின்னது. அந்த அதிர்வு வில் வழியா குடத்துக்குப் போய், உள்ளே இருக்கிற காற்றையும் அதிர வைக்குது. கிதாரிலே 6 கம்பிக்குக் கீழே மரப்பெட்டி இருக்கிறதும் இதுக்குத்தான். பெட்டி செய்யுற வேலையை நமக்குக் குடம் செய்யுது!

குடம் பார்த்து வாங்குவது எப்படி?
விரல் முட்டியால் தட்டிப் பாருங்க. ‘கணீர்’னு கேட்டா நல்ல குடம். ‘தொப்’புன்னு கேட்டா எங்கேயோ கீறல் இருக்கு. வெளிச்சத்தில் உள்ளே பார்த்தாலும் கீறல் தெரியும். பெரிய குடம் கனத்த சத்தம் தரும், சின்னது கீச்சுன்னு இருக்கும். உடையும் பொருள், ஒண்ணு கூடவே வச்சுக்கணும்.

பொம்பளைப் பிள்ளைங்க பாடலாமா?
ஏன் கூடாது? கன்னியாகுமரி மாவட்டத்துப் பூங்கனி அம்மா சின்ன வயசிலேயே வில்லடிக்க வந்தவர். பல ஊர் மேடைகளில் தலைமைப் பாடகராகப் பாடினார். 2018-ல் மறைந்தார். நெல்லைக்காரரான சுப்பு ஆறுமுகம் ஐயா (1928 – 2022) காந்தி கதையையும் வில்லில் பாடினார். 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் மகள் பாரதி திருமகனும் வில்லிசைக் கலைஞர்தான்.

சாமி கதை மட்டும்தான் பாடணும்னு இல்லை. மழைநீர் சேமிப்பு, டெங்கு, குழந்தைத் திருமணம் எதையும் பாடலாம். ஒருத்தர் கதை சொல்லணும், மத்தவங்க “ஆமா” போடணும். 5 பேர் போதும். கூச்சமா இருக்கிறவங்க முதல்ல “ஆமா” மட்டும் போடுங்க. குரல் தானா வரும்.

கொடையில் இப்போ பல இடத்தில் கச்சேரியும் டான்ஸும் வந்துடுச்சு. வில்லடிக்கிற தாத்தாக்கள் இருக்கும்போதே நாம கத்துக்கணும். அப்புறம் யாரைக் கேட்கிறது? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கிதார் இல்லைன்னு நாமும் சாக்கு சொல்ல வேண்டாம்.

உங்க ஊரில் வில்லடிக்கிறவங்க இருந்தா தமிழ் ஐயாவிடம் சொல்லுங்க. இந்த ஆண்டு விழாவுக்கு 9-ஆம் வகுப்பு தயார். நீங்க?


– 9-ஆம் வகுப்பு மாணவி