பாட்டியின் முதுகும் பாஸ்கல் கணக்கும்

கோவில்பட்டிக் கரிசல் காட்டில் பருத்திமார்க் கட்டைச் சுமப்பவர் தலையில் சும்மாடு வைப்பது ஏன்? எடை குறைவதில்லை, தாங்கும் பரப்பு கூடுகிறது. விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம் அல்லவா?

படுத்த படுக்கையாகிவிட்ட பாட்டிக்கும் இக்கணக்கைப் போடுவோம். எடை 60 கிலோ. விசை சுமார் 600 நியூட்டன். உடல் அரைச் சதுர மீட்டரில் சமமாகப் படிந்தால் அழுத்தம் 1,200 பாஸ்கல், அதாவது 9 மில்லிமீட்டர் பாதரசம். நுண்ணிய இரத்தக் குழாய்களின் உள்ளழுத்தமோ ஏறத்தாழ 32 வரை இருக்கும். பயமில்லை போலிருக்கிறதே! ஆனால் உடல் பலகையா என்ன? எலும்பு துருத்தும் இடுப்பின் பின்புறத்திலும் குதிகாலிலும் அழுத்தம் 32-ஐத் தாண்டும். இரத்தம் தடைப்பட்டுத் தசை அழுகும். இதுதான் படுக்கைப் புண். நாம் தூக்கத்தில் தாமாகவே புரள்கிறோம், பாட்டியால் முடியாது.

1944 முதல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், முதுகுத்தண்டு அடிபட்டவர்களை 2 மணிக்கு ஒருமுறை புரட்டச் செய்தார் டாக்டர் லுட்விக் குட்மன். புரட்டும்போது இழுக்கக் கூடாது; உராய்வு தோலைக் கிழிக்கும். இடுப்புக்கடியில் சும்மாடு போன்ற வளையமும் வேண்டாம். அதன் விளிம்பு நெரித்து நடுவில் இரத்தம் வராமல் செய்யும்.

முதுகைத் துடைத்து, இதமாக எண்ணெய் தடவலாம். சிவந்த இடத்தை மட்டும் தேய்க்காதீர்கள். அடியில் நைந்த குழாய்கள் மேலும் சிதையும். அங்கே விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பிறகு சிவந்தால் இரத்தம் ஓடுகிறது. வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது. உடனே நர்ஸிடம் காட்டுங்கள். நம்மவர் கரிய தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சூடோ இறுக்கமோ இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்கவேண்டும்.