நொய்யலாறும் முதலாண்டுச் சட்டப் பாடமும்

சட்டக் கல்லூரியிற் புகும் மாணாக்கர் தொடக்கத்தே பயில்வனவற்றுள் ஒப்பந்தச் சட்டமும் தீங்கியற் சட்டமும் தலையாயவை. முன்னையது 1872-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று நூல்வடிவிற் கிடைப்பது; வரிசையாய்க் கற்றுவிடலாம். பின்னையதற்கு அத்தகைய தொகுப்பு இல்லை. நீதிபதிகளின் தீர்ப்புக்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பெற்று வளர்ந்தது அது. ஆதலின், அதனைக் கற்கப் புகுவோர் விதிகளை மனனஞ் செய்தலினும் வழக்குக்களை ஆராய்தலே தகும். (தமிழில் 'வழக்கு' என்னும் ஒரு சொல்லே மக்களின் வழங்குமுறையையும் மன்றத்து வியாச்சியத்தையும் உணர்த்துதல் ஈண்டு நோக்கற்பாலது.)

ஆசிரியர் பலரும் ஆங்கில நாட்டு வழக்கொன்றை முதற்கண் எடுத்துரைப்பர். லங்காஷயரில் ரைலண்ட்ஸ் என்னும் ஆலைமுதலாளி தம் ஆலைக்கென நீர்த்தேக்கம் ஒன்று அமைப்பித்தார். அந்நீர் நிலத்தடி வழியே புகுந்து, பிளெச்சர் என்பாரது நிலக்கரிச் சுரங்கத்தை நிரப்பிற்று. தம்மிடத்தினின்று வெளியேறின் பிறர்க்குக் கேடு சூழும் பொருளைத் தேக்கி வைப்போர், தம்பால் கவனக்குறைவு இல்லையெனினும் அக்கேட்டிற்குப் பொறுப்பாளரே என 1868-ல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

திருப்பூர் மாணாக்கர்க்கு இவ்வுண்மையை அறியக் கடல்கடக்க வேண்டுவதில்லை. வெள்ளியங்கிரி மலைச்சாரலிற் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியிற் கலப்பது நொய்யலாறு. பனியன் துணிக்குச் சாயமேற்றுங்கால், சாயம் பருத்தி இழையைப் பற்றுதற்பொருட்டு உப்பினை மிகுதியாகக் கலப்பர். அவ்வுப்பு துணியில் தங்குவதில்லை. கழிவுநீரோடு ஆற்றிற் சேர்ந்தது. பாசனத்திற்கென 1992-ல் கட்டப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணை, நாளடைவில் அக்கழிவின் தேக்கமாயிற்று. பயிரை வளர்க்க வேண்டிய நீரே நிலத்தைக் களராக்கியது.

நொய்யல் ஆயக்கட்டுதாரர் சங்கத்தார் 2003-ல் சென்னை உயர்நீதிமன்றத்தில் முறையிட்டனர். அரசியலமைப்பின் 226-ஆம் உறுப்பு, தனித்தனியே நட்டஈடு கோரி அலையாமல் நேரே உயர்நீதிமன்றத்தை அணுக அவர்க்கு வழிதிறந்தது. மாசுபடுத்தியோரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்பது பாலாற்றுத் தோல்பதனிடு தொழிற்சாலைகளைப் பற்றிய வேலூர் வழக்கில், 1996-ல் உச்சநீதிமன்றம் நிலைநாட்டிய கொள்கை. அதனையே 2009, அக்டோபர் 6-ஆம் நாள் சாய ஆலையார் மேல்முறையீட்டிலும் வலியுறுத்தி, ஆற்றுச் சகதியை அகற்றுதற்கும் அணையைத் தூய்மை செய்தற்குமான செலவு அவரையே சாருமென அம்மன்றம் உரைத்தது. ரைலண்ட்ஸ் வழக்கிற் போல நட்டத்தை ஈடுசெய்வதோடு நில்லாது, கெட்ட ஆற்றைச் சீர்செய்யும் கடமையையும் விதித்தமையே இதன் சிறப்பு என்பது எம் கருத்து. ஆணைகள் நிறைவேறாமையின், 2011, ஜனவரி 28-ஆம் நாள் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. கழிவுநீர் ஒரு துளியும் வெளிச்செல்லாத முறையை அமைத்த பின்னரே அவை படிப்படியாய்த் திறக்கப்பெற்றன.

தொழில் புரியும் உரிமையை அரசியலமைப்பின் 19-ஆம் உறுப்பு அளிக்கின்றது. எனினும் அது நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது. 21-ஆம் உறுப்பின் உயிர்வாழ் உரிமையில் தூயநீரும் அடங்குமென்பது முடிந்த முடிபு. ஆகவே உழவர் பக்கம் தீர்ப்புச் சாய்ந்தது முறையே. ஆயினும், பட்டறைகள் மூடியவுடன் கூலியிழந்த தொழிலாளர் அவ்வழக்கில் வாதியுமல்லர், பிரதிவாதியுமல்லர். உப்பைக் கலக்குமாறு ஏவியவரும் அல்லர். ஒரு தீர்ப்பினால் தாக்கப்பெறுவோர் தம்மையும் கட்சியாய்ச் சேர்க்குமாறு மன்றத்தை வேண்டிக்கொள்ளலாம் என்பது விதி. அவ்விதி முதலாண்டிற் கற்பிக்கப்பெறும் தீங்கியற் பாடத்தில் இல்லை. பின்னாளிற் கற்கும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலேதான் உள்ளது.