பிரயாணி நம்மவர், விமானம் யாருடையது?

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் பறக்கும் சிறு விமானத்தில் 78 ஆஸனங்கள் உள்ளன. அதை நடத்துவது இண்டிகோ என்னும் மலிவுக் கட்டணக் கம்பெனி. கட்டிய இடமோ பிரான்ஸ் தேசத்துத் துலூஸ் நகரம். ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட ஊரில் அது இறங்குகிறது. இவ்வாகனத்தில் நமது என்று சொல்லத்தக்கது எவ்வளவு?

மலிவுக் கட்டணத்தை நாம் இகழவில்லை. 2003-ல் காப்டன் கோபிநாத் தொடங்கிய ஏர் டெக்கானும், 2006-ல் பறக்கத் தொடங்கிய இண்டிகோவும், தனவந்தருக்கும் பெரிய உத்தியோகஸ்தருக்கும் உரியதாயிருந்த ஆகாய மார்க்கத்தைச் சாமானிய ஜனங்களுக்குத் திறந்து விட்டன. இண்டிகோ கைக்கொண்ட உபாயம் எளியது. பெரும்பாலும் ஏர்பஸ் 320 என்னும் ஒரே குடும்பத்து விமானங்களை வாங்கினால், விமானிகளும் மெக்கானிக்குகளும் ஒரு வகையில் தேர்ந்தாற் போதும். உதிரி பாகங்களுக்கும் ஒரே கிடங்கு. இரண்டு வகுப்பு வைத்தால் சுமார் 150 பேர் ஏறக்கூடிய அவ்விமானத்தில், வரிசைக்கு அறுவராக 31 வரிசைகளில் 186 பேரை அமர்த்துகிறார்கள். முழங்கால் முன் ஆஸனத்தில் இடிக்கிறது என்பார் உண்டு. மூன்றாம் வகுப்பு ரயிலைக் கண்ட தேசத்தாருக்கு இஃதொரு பெருங் கஷ்டமன்று! 2024 நவம்பரில் சில விமானங்களின் முன்புறத்தில் செல்வருக்கென 12 அகன்ற ஆஸனங்கள் முளைத்தன. அவையும் ஜெர்மானிய ரெகாரோ கம்பெனியின் சரக்கே.

நம்மை வருத்துவது வேறு. 2005-ல் 100 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்த இக்கம்பெனி, 2023 ஜூனில் ஒரே தடவையில் 500 விமானங்களுக்குக் கொடுத்தது. ஓடும் விமானங்களிலோ பெரும்பாலானவை அயல்நாட்டாரிடம் வாடகைக்கு எடுத்தவை. வாடகையை டாலரில் அளக்க வேண்டும். ரூபாய் சரிந்தால் பாரம் ஏறும். அயலார் எந்திரத்தில் பழுது நேர்ந்தால் என்னவாகும் என்பதையும் கண்டோம். அமெரிக்கப் பிராட் அண்ட் விட்னி எந்திரங்களில், உலோகப் பொடியிற் கலந்த மாசினால் உண்டான தோஷம் 2023-ல் வெளிப்பட்டது. 2024 தொடக்கத்தில் இண்டிகோவின் எழுபதுக்கு மேற்பட்ட விமானங்கள் தரையில் கிடந்தன. கோ பர்ஸ்ட் என்னும் மற்றொரு மலிவுக் கம்பெனியோ, அதே எந்திரக் கம்பெனியின் மீது பழி கூறி, 2023 மே மாதத்திலேயே பறப்பதை நிறுத்தியது, மறுபடி எழவேயில்லை.

சிதம்பரம் பிள்ளையின் கப்பல்களும் அயல்நாட்டில் வாங்கியவை தாமே என்று சிலர் கேட்பர். மெய்தான். ஆனால் அன்று நம்மிடம் கட்டும் சாலை இல்லை, ஆட்சியும் இல்லை. இன்று இரண்டும் உண்டு. வால்சந்த் ஹிராசந்த் 1940-ல் பெங்களூரில் விமானத் தொழிற்சாலை நிறுவினார். அதன் வழிவந்த ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ், இதே ஏர்பஸ் 320-க்கு முன்வாயிற் கதவுகள் செய்து அனுப்பியிருக்கிறது. கதவு செய்யத் தெரிந்த கைக்கு ஆஸனம் செய்யத் தெரியாதா? 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுப்பவன் சாதாரண வாடிக்கைக்காரன் அல்லவே; அவன் விதிக்கும் நிபந்தனைக்கு விற்பவன் செவி சாய்த்தே தீருவான். ஆஸனங்களில் எத்தனை, எந்திரம் பழுது பார்க்கும் வேலையில் எத்தனை இங்கே நடைபெற வேண்டுமென்று நிபந்தனை செய்தார்கள்? பார்லிமெண்டிலுள்ள நமது பிரதிநிதிகள் இக்கேள்வியை வரும் கூட்டத்திலேயே விமான மந்திரியிடம் கேட்கட்டும்.