பத்திரம் பதிவாயிடுச்சு... ஆனா இடம் உங்களோடதா?

போன வாரம் வீடியோவுல வீட்டுக் கடன் வட்டி பத்திப் பேசினேன். அதுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: "சார், ரெஜிஸ்டர் ஆயிடுச்சுன்னா இடம் நம்மளோடதுதானே?"

ஒரு வரியில பதில் சொல்லணும்னா: இல்லை. பதிவாகிறது பத்திரம் மட்டும்தான். உரிமை தனி விஷயம். கடந்த ரெண்டு மூணு வருஷத்துல வந்த தீர்ப்புகள் இதை இன்னும் அழுத்தமா சொல்லியிருக்கு. சிவில் வக்கீல்கள் மட்டும் படிச்சு முடிச்சுட வேண்டிய தீர்ப்புகள் இல்ல இது. முதல் சம்பளம் சேர்த்து மேலூர் பக்கமோ திருமங்கலம் பக்கமோ மூணு சென்ட் பார்த்துக்கிட்டு இருக்கிற நீங்களும் தெரிஞ்சுக்கணும்.

முதல்ல நான் பார்த்த ஒரு கேஸ். வருமான வரி ரிட்டர்ன் போட வந்த ஒரு தம்பி. மாசச் சம்பளம் 45,000. ஒத்தக்கடையைத் தாண்டி 3 சென்ட் இடம், 15 லட்சத்துக்குப் பேசி முடிச்சார். பேங்க்ல லோன் கேட்டார். பேங்க் வக்கீல், "விற்கிறவரோட அக்கா, தங்கச்சி கையெழுத்து இல்லையே" என்று திருப்பி அனுப்பிட்டார். புரோக்கர் என்ன சொன்னார் தெரியுமா? "பேங்க்காரங்க அப்படித்தான் தம்பி இழுத்தடிப்பாங்க. பர்சனல் லோன் போட்டு முடிச்சுடுங்க." கையில இருந்த 7 லட்சத்தோட 8 லட்சம் பர்சனல் லோன், 12% வட்டி, 5 வருஷம். மாசம் சுமார் 17,800 ரூபாய் தவணை. சார்பதிவாளர் ஆபீஸ்ல பத்திரமும் ஒரே நாள்ல பதிவாயிடுச்சு. அடுத்த வருஷமே விற்றவரோட தங்கச்சி பாகப்பிரிவினை வழக்கு போட்டுட்டாங்க. இப்போ அவரால வீடு கட்டவும் முடியல, விற்கவும் முடியல. தவணை மட்டும் ஓடுது.

அவர் என்கிட்ட கேட்டது: "அப்புறம் ஏன் சார் கவர்மெண்ட் பதிவு பண்ணுச்சு?" நியாயமான கேள்விதான். பதில் தீர்ப்புகள்ல இருக்கு.

சார்பதிவாளர் நீதிபதி இல்லை

தமிழ்நாட்டில் 2022ல் பதிவு விதிகளில் 55ஏ என்று ஒரு விதி சேர்த்தாங்க. விற்கிறவர் அந்தச் சொத்தை வாங்கின அசல் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் காட்டணும், இல்லைன்னா பதிவை மறுக்கலாம் என்பதுதான் அதோட சாரம். அசல் தொலைஞ்சு போச்சுன்னா போலீஸ்ல கண்டுபிடிக்க முடியவில்லைன்னு சான்றிதழ் வாங்கணும்.

இப்படி பதிவு மறுக்கப்பட்ட ஒருவர் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். 2025 ஏப்ரல் 7ஆம் தேதி நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு அந்த விதியை ரத்து செய்தது. காரணம் எளிமையானது. 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டம், விற்பவருக்கு உரிமை இருக்கா இல்லையா என்று முடிவு செய்யும் அதிகாரத்தைச் சார்பதிவாளருக்குக் கொடுக்கவே இல்லை. நடைமுறைகள் சரியாக இருந்து, முத்திரைத் தீர்வையும் கட்டணமும் கட்டியிருந்தால், உரிமையே இல்லாத ஒருவர் எழுதிக் கொடுத்த பத்திரமாக இருந்தாலும் அவர் பதிவு செய்தாக வேண்டும். அந்தப் பத்திரத்தால் வாங்கினவருக்கு உரிமை வந்துவிடாது, அவ்வளவுதான்.

அதே ஏப்ரல் கடைசியில், அசல் பத்திரம் காட்டுவதைச் சட்டத்திலேயே கொண்டுவரும் திருத்த மசோதாவைத் தமிழக சட்டப்பேரவை நிறைவேற்றியது. ஆனா ஒண்ணு கவனிங்க. எந்த விதி வந்தாலும் அதிகாரி பார்க்கிறது காகிதத்தை. உரிமை யாருக்குன்னு முடிவு செய்யறது கோர்ட்.

2025 நவம்பரில் பீகார் பதிவு விதி ஒன்றை ரத்து செய்தபோதும் உச்ச நீதிமன்றம் இதையேதான் சொன்னது: பதிவு என்பது ஓர் ஆவணம் இருக்கிறது என்பதற்கான பொதுப் பதிவேடு, உரிமைக்கு முடிவான சான்று அல்ல.

போலின்னு தெரிஞ்சா ரத்து பண்ணிடலாமே?

இதுக்கும் நம்ம ஊர்ல ஒரு சுருக்கு வழி இருந்துச்சு. 2022ல் நடைமுறைக்கு வந்த 77-ஏ பிரிவு, மோசடிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்றது. 2024ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்துவிட்டது. ஆக, தகராறுன்னா சிவில் கோர்ட்தான்.

செலவையும் பார்த்துடுவோம். 15 லட்சம் மதிப்புக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. மொத்தம் 1,35,000 ரூபாய் ஏற்கெனவே கட்டியாச்சு. அதே இடத்துக்கு உரிமையும் சுவாதீனமும் கேட்டு நீங்களே வழக்கு போடணும்னா, சொத்து மதிப்பில் 3% கோர்ட் கட்டணம், அதாவது 45,000. (2017க்கு முன்னாடி இது 7.5%.) வக்கீல் ஃபீஸ் தனி. கீழ்க் கோர்ட், அப்பீல், அப்புறம் மேலூர் ரோட்டில் இருக்கிற நம்ம ஹைகோர்ட் கிளைன்னு போனா, எத்தனை வருஷம்னு சொல்லவே முடியாது.

பெண் பிள்ளைகள் கையெழுத்து

அந்தத் தம்பி மாட்டினது இங்கேதான். "பொம்பளப் பிள்ளைகளுக்குச் சீர் செஞ்சு கட்டிக் கொடுத்தாச்சு, பங்கு கிடையாது" என்று நம்ம பக்கம் இன்னும் சொல்லுவாங்க. சட்டம் அப்படி இல்லை. 2020 ஆகஸ்ட் 11ஆம் தேதி வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: இந்துக் கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே மகனுக்குச் சமமான உரிமை உண்டு. 2005 திருத்தம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்து முடித்த சொத்துகளுக்கு விலக்கு உண்டு. அதனால பூர்வீகச் சொத்துன்னா, வாரிசுச் சான்றிதழில் இருக்கிற எல்லாரும் கையெழுத்து போடணும், அக்கா தங்கச்சி உட்பட.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் என்ன பார்க்கணும்?

1. தாய்ப் பத்திரத்தில் இருந்து இன்றைய பத்திரம் வரை ஒவ்வொரு கைமாற்றமும் சங்கிலி மாதிரி தொடரணும். ஜெராக்ஸ் போதாது, அசலைக் கண்ணால பாருங்க. அசல் இல்லைன்னா எங்கேயாவது அடமானத்தில் இருக்கலாம்.

2. குறைந்தது 30 வருஷ வில்லங்கச் சான்று. பதிவுத்துறையோட டி.என்.ரெஜிநெட் தளத்துல நீங்களே பார்க்கலாம். ஆனா அதுல பதிவான ஆவணங்கள் மட்டும்தான் வரும். பதிவு செய்யாத ஒப்பந்தமோ, நடந்துக்கிட்டு இருக்கிற வழக்கோ பெரும்பாலும் அதுல தெரியாது.

3. அதனால இ-கோர்ட்ஸ் தளத்தில் மதுரை மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, விற்பவர் பெயரையும் அவர் அப்பா பெயரையும் போட்டுத் தேடுங்க. வழக்கு நடக்கும்போது வாங்கின சொத்துக்கு, அந்தத் தீர்ப்பு உங்களையும் கட்டுப்படுத்தும். "எனக்குத் தெரியாது" என்றாலும் தப்பிக்க முடியாது.

4. பவர் வச்சு விற்கிறாரா? எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்காரா, பவரை ரத்து செய்யலையான்னு நேரில் உறுதி பண்ணுங்க. வெறும் பவர் மட்டும் வாங்கிட்டு "இடம் என்னோடது" என்று நினைக்காதீங்க. பவர் மூலம் உரிமை மாறாதுன்னு 2011லேயே சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

5. பட்டா, எஃப்.எம்.பி. வரைபடம் ரெண்டையும் இடத்தோட ஒப்பிட்டு அளந்து பாருங்க. பட்டாவும் தனியா உரிமையைத் தராது. ஆனா பெயர் பொருந்தலைன்னா ஏன்னு கேட்கணும்.

6. பேங்க் லோன் தேவையே இல்லைன்னாலும், சிவில் வக்கீல் ஒருத்தர்கிட்ட எழுத்துப்பூர்வமா லீகல் ஒப்பீனியன் வாங்குங்க. புரோக்கர் கூட்டிட்டு வர்ற வக்கீல் வேண்டாம், நீங்களே தேடிப் பிடிங்க.

ஆடிட்டரா நான் சொல்ற ரெண்டு விஷயம்

ஒண்ணு, பணத்தை பேங்க் வழியா மட்டும் கொடுங்க. சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினா, அந்தத் தொகைக்குச் சமமான அபராதம் வாங்கினவருக்கு வரலாம். உங்களுக்கோ அதைவிட பெரிய சிக்கல். 15 லட்சம் கொடுத்துட்டு, தீர்வை மிச்சம்னு பத்திரத்துல 6 லட்சம் போட்டீங்கன்னா, நாளைக்கு உரிமை இல்லைன்னு ஆகி பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது 6 லட்சத்துக்குத்தான் உங்ககிட்ட ஆதாரம் இருக்கும். "வில்லங்கம் வந்தால் நானே முன்னின்று தீர்த்துத் தருவேன்" என்ற வரி எல்லாக் கிரயப் பத்திரத்திலும் இருக்கும். எழுதிக் கொடுத்தவர்கிட்ட காசு இருந்தாதான் அந்த வரிக்கு மதிப்பு.

ரெண்டாவது, பேங்க் லோன் தர மறுத்தா உடனே பர்சனல் லோனுக்கு ஓடாதீங்க. "எந்தக் காரணத்தால நிறுத்தினீங்க?"ன்னு பேங்க்ல கேளுங்க. அந்தத் தம்பிக்கு வில்லங்கம் எங்கே இருக்குன்னு பேங்க் வக்கீல் முன்னாடியே சொல்லிட்டார். அதை அவர் தடங்கலா எடுத்துக்கிட்டார். எச்சரிக்கையா எடுத்திருந்தா, அந்த 7 லட்சம் இன்னைக்கு அவர் கையில இருந்திருக்கும்.

இந்த வாரம் யாராவது அட்வான்ஸ் கொடுக்கப் போறீங்கன்னா, கொடுக்கிறதுக்கு முன்னாடி இ-கோர்ட்ஸ்ல அந்தப் பெயரை ஒரு தடவை தேடிப் பாருங்க. பத்து நிமிஷ வேலைதான். அடுத்த வீடியோவுல வில்லங்கச் சான்றை வரிவரியா எப்படிப் படிக்கிறதுன்னு பார்க்கலாம்.