மந்த வயிற்றுக்கு ஏழு சரக்கு

விருந்து சாப்பிட்ட மறுநாள் வயிறு கல்லாய்க் கனக்கிறது. புளித்த ஏப்பம் வருகிறது. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுகிறது. சீன வைத்தியம் இதை ‘உணவுத் தேக்கம்’ என்கிறது. அதற்கு அங்கே பல நூற்றாண்டுகளாகக் கொடுத்துவரும் மருந்து ‘பாவ் ஹ வான்’. ‘இணக்கம் காக்கும் உருண்டை’ என்று பொருள்.

இதை வகுத்தவர் செஜியாங் பகுதியில் பிறந்த சூ தான்ஷி (1281–1358). அவருடைய தாயின் வயிற்று நோயை எந்த வைத்தியராலும் தீர்க்க முடியவில்லை. முப்பது வயதில் தாமே மருத்துவ நூல்களைக் கையில் எடுத்தார். ஐந்து ஆண்டுகளில் தாயைக் குணப்படுத்தினார்.

மருந்தில் ஏழு சரக்குகள். அவற்றில் தலையாயது ‘ஷான்ச்சா’ என்னும் சிறு சிவப்புப் பழம். புளிப்பான இந்தப் பழத்தைக் குச்சியில் கோத்து, சர்க்கரைப் பாகில் முக்கி, பெய்ஜிங் தெருக்களில் விற்பார்கள். மொத்தம் 17 பங்கில் இது மட்டுமே 6 பங்கு. இறைச்சியும் கொழுப்பும் செரிக்க இது. மாவுடன் மூலிகைகள் சேர்த்துப் புளிக்கவைத்த ‘ஷென்ச்சூ’ தானிய உணவுக்கும் மதுவுக்கும். முள்ளங்கி விதை மாவுப் பண்டங்களுக்கும் வயிற்று உப்புசத்துக்கும். எதைத் தின்று மந்தம் வந்ததோ, அதற்கேற்ற சரக்கு உள்ளே இருக்கிறது.

மற்ற நான்கும் தேக்கத்தின் விளைவுகளைக் கவனிக்கின்றன. பல ஆண்டு உலர்த்தி வைத்த கமலா ஆரஞ்சுத் தோல் வாயுவைக் கலைக்கும். பைன் மர வேரில் வளரும் ‘ஃபூலிங்’ பூஞ்சை நீர்க்கோவையை வடிக்கும். ‘ஃபார்சித்தியா’ காய் சூட்டைத் தணிக்கும். ‘பான்ஷியா’ கிழங்கு குமட்டலை அடக்கும். இவை சீன வைத்தியம் சொல்லும் குணங்கள்.

இந்தப் பான்ஷியா நம் சேப்பங்கிழங்கின் குடும்பம். சேம்பைச் சரியாக வேகவைக்காவிட்டால் தொண்டை அரிக்குமே, அந்த அரிப்பைத் தரும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இதிலும் உண்டு. பச்சைக் கிழங்கு நஞ்சு. நாக்கும் தொண்டையும் வீங்கிவிடும். அதனால் இஞ்சி, படிகாரம் போன்றவற்றோடு சேர்த்துச் சுத்தி செய்த பிறகே மருந்தில் சேர்க்கிறார்கள்.

பழைய முறையில் சரக்குகளைப் பொடித்து, வேகவைத்த மாவப்பத்தோடு பிசைந்து, சிறு விதை அளவில் உருட்டுவார்கள். வேளைக்கு எழுபது, எண்பது உருண்டை, வெந்நீரோடு.

என்றோ ஒருநாள் அதிகம் தின்றதால் வரும் மந்தத்துக்கான மருந்து இது. பட்டியலைப் பார்த்து வீட்டில் செய்துவிடாதீர்கள். கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். வலி நாள்பட்டாலோ, உடல் இளைத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.