நடந்தாள், பேசினாள், சம்மதித்தாளா?

ஜூன் பிறந்துவிட்டால் வடுகபட்டியிலிருந்து பிள்ளைகள் கிளம்பிவிடுகிறார்கள். பூண்டுக் கமிஷன் கடைக்காரர் மகன் கோவைக்கு, சந்தையில் மூட்டை தூக்குபவர் மகள் சென்னைக்கு, படிக்கவோ வேலைக்கோ. பெரியகுளத்தில் பஸ் ஏற்றிவிடும்போது மகளிடம், "பாத்து இருந்துக்க தாயி, பொழுது சாஞ்சா வெளிய போகாத" என்கிறோம். மகனுக்கு, "குடிச்சுப் பழகிராதப்பா" என்பதோடு சரி. தானும் குடித்து, எதிரே ஒரு பெண்ணும் குடித்திருக்கும் இரவில் அவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எந்த வீட்டிலும் பேசுவதில்லை. தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழ் மது வாங்க அனுமதி இல்லை என்பதால், பேச அவசியமில்லை என்றும் நினைத்துக்கொள்கிறோம். பேசத் தயங்கும் பெற்றோருக்கு உடலின் அறிவியல் நல்ல துணை.

அமெரிக்க மனநல மருத்துவர் டொனால்ட் குட்வின் 1970-இல் வெளியிட்ட சோதனையிலிருந்து ஆரம்பிக்கலாம். குடித்துப் பழகிய சில ஆண்களுக்கு நான்கு மணி நேரத்தில் சுமார் அரை லிட்டர் விஸ்கி கொடுத்தார். நம் ஊர்க் கணக்கில் மூன்று குவாட்டருக்குச் சற்றுக் குறைவு. இடையிடையே பொம்மைகள், படக்காட்சிகள் என்று எதையாவது காட்டினார். ஒரு முறை வாணலியை நீட்டி, "பசிக்கிறதா?" என்று கேட்டு, உள்ளே மூன்று செத்த எலிகள் இருப்பதாகச் சொன்னார். இரண்டு நிமிடம் கழித்துக் கேட்டபோது பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள். அரை மணி நேரம் கழித்து, பாதிப் பேருக்கு அப்படி ஒன்று நடந்ததே நினைவில்லை. மறுநாளும் அது திரும்பவில்லை.

செத்த எலியையே மறந்த அந்த மனிதர்கள் அப்போது மயங்கிக் கிடக்கவில்லை. விழித்திருந்தார்கள், கேள்விக்குப் பதில் சொன்னார்கள். மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதிதான் நடப்பதை நீண்டகால நினைவாகப் பதிகிறது. ரத்தத்தில் மது வேகமாக ஏறும்போது, பதிவுக்குத் தேவையான குளூட்டமேட் சமிக்ஞை அடைபடுகிறது. மூளையை மந்தமாக்கும் காபா சமிக்ஞை ஓங்குகிறது. கால் நடக்கும், வாய் பேசும், பதிவு மட்டும் நின்றுபோகும். இதைத்தான் பிளாக் அவுட் என்கிறார்கள். பொதுவாக ரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 160 மில்லி கிராம் அளவில் இது ஆரம்பிக்கிறது. வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் 30 மில்லி கிராமைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். வெறும் வயிற்றில் மடக்மடக்கென்று குடிப்பவர்கள் சீக்கிரம் அங்கே போய்ச் சேர்கிறார்கள். டியூக் பல்கலைக்கழகத்தில் 772 மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், குடித்துப் பார்த்தவர்களில் 51 சதவீதம் பேர் ஒரு முறையாவது இப்படி நினைவு பதியாமல் போனதாகச் சொன்னார்கள். அந்த இரவில் உடலுறவு நடந்ததைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டவர்களும் அவர்களில் உண்டு.

ஆகவே, "அவ நல்லாத்தான் பேசுனா, சரின்னுதான் சொன்னா" என்பது எதையும் நிரூபிக்காது. அதிலும் பெண்ணுடலில் நீரின் பங்கு குறைவு. வயிற்றிலேயே மதுவைச் சிதைக்கும் நொதியும் குறைவாகவே வேலை செய்கிறது. எடை ஒன்றாகவே இருந்தாலும், அதே கிளாஸ் அவள் ரத்தத்தில் கூடுதலாக ஏறும். மோரோ காபியோ குளியலோ அதைச் சீக்கிரம் இறக்காது. கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும்.

இனி பையன்கள் பக்கம். "போதையில தெரியாமப் பண்ணிட்டேன்" என்பது நம் ஊரில் பஞ்சாயத்து வரை செல்லுபடியாகும் சமாதானம். வில்சனும் லாசனும் 1976-இல் வெளியிட்ட ஆய்வில் ஆண்களில் சிலருக்கு மதுவும் சிலருக்கு மது இல்லாத பானமும் கொடுத்தார்கள். உண்மையில் எதைக் குடித்தார்கள் என்பதைவிட, எதைக் குடித்ததாக நம்பினார்கள் என்பதே அவர்களுடைய காமக் கிளர்ச்சியைக் கூட்டியது. மது குடித்ததாக நம்பியதே போதுமாயிருந்தது. ஸ்டீல், ஜோசப்ஸ் இருவரும் 1990-இல் சொன்ன விளக்கமும் முக்கியம்: போதை கவனத்தைக் குறுக்குகிறது. தன் ஆசை பெரிதாகத் தெரியும். எதிரே இருப்பவள் முகம் சுளிப்பதும் விலகுவதும் தெரியாமல் போகும். இதை முன்கூட்டியே அறிந்த பையனுக்கு ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. குடித்த இரவில் தன் கணிப்பை அவன் நம்பக் கூடாது. மப்பில் ஆடுகிறவன்கூடத் தாய்மாமனைக் கண்டதும் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுகிறான். கட்டுப்பாடு அவனிடம் மிச்சமிருக்கிறது என்பதற்கு வேறு ஆய்வு வேண்டியதில்லை.

சட்டமும் இங்கே தெளிவாகத்தான் இருக்கிறது. 2013 திருத்தத்தில் வந்து, இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் பாலியல் வன்கொடுமையை வரையறுக்கும் 63-ஆம் பிரிவில் உள்ள விளக்கப்படி, சம்மதம் ஐயத்துக்கு இடமின்றித் தானாக முன்வந்து தரப்பட வேண்டும். எதிர்த்துப் போராடவில்லை என்பதாலேயே சம்மதமாகிவிடாது. போதையால் தான் எதற்குச் சம்மதிக்கிறோம் என்று புரியாத நிலையில் தந்த சம்மதம் செல்லாது. தானாகக் குடித்தவனுக்குப் போதை பாதுகாப்பும் தராது. குறை என்றால், இந்தப் பிரிவு பாதிக்கப்பட்டவராகப் பெண்ணை மட்டுமே பார்க்கிறது. 18 வயதுக்குட்பட்ட பையன்களுக்குப் போக்சோ சட்டம் இருக்கிறது. அதைத் தாண்டிய இளைஞனுக்கு இந்தப் பிரிவு உதவாது.

இவ்வளவு இருந்தும், டெல்லி மதுக்கூடம் ஒன்றில் நண்பர்களுடன் குடித்த முதுகலை மாணவி கொடுத்த பாலியல் வன்கொடுமைப் புகாரில், அலகாபாத் உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் குற்றம்சாட்டப்பட்டவனுக்கு ஜாமீன் கொடுத்தபோது, அவளே வினையை வரவழைத்துக்கொண்டாள் என்று எழுதியது. ஜாமீன் கொடுக்கலாம், இப்படிப் பேசலாமா என்று ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. நீதிபதியின் பேனாவுக்கே அந்தப் பேச்சு வருகிறதென்றால், நம் திண்ணைகளில் வராமலிருக்குமா? குடித்தது தப்பு என்று ஒரு தாய் நினைக்கலாம். மகள் அதற்குப் பயந்து நடந்ததை மறைத்தால் இழப்பு மகளுக்குத்தான். "என்ன நடந்தாலும் மொதல்ல எனக்குப் போன் போடு, திட்ட மாட்டேன்" என்று ஊரை விட்டுப் போகுமுன்பே சொல்லிவைப்பது நல்லது.

மகனிடம் சொல்ல வேண்டியது இன்னும் எளிது. அவள் மப்பில் இருந்தால் பேச்சே வேண்டாம். விடிந்த பிறகு கேள். கூட்டாளி ஒருவன் தள்ளாடும் பெண்ணைத் தனியே கூட்டிப்போனால் குறுக்கே போய் நில், அவள் தோழியைக் கூப்பிடு. மாமனோ சித்தப்பனோ பேசினால் இன்னும் நன்றாக ஏறும். அப்பனிடம் கேட்கக் கூசுவதை அவர்களிடம் கேட்பான்.

மீறி வன்கொடுமை நடந்துவிட்டால், நேரம் முக்கியம். மது சில மணி நேரத்தில் ரத்தத்தை விட்டுப் போய்விடும். ரத்த, சிறுநீர் மாதிரிகளைச் சீக்கிரம் எடுக்க வேண்டும். நம் மாவட்டத்துக் கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் உடனே இலவசச் சிகிச்சை தரச் சட்டப்படி கடமைப்பட்டவை. முதலில் போலீஸுக்குப் போய்விட்டு வா என்று திருப்பி அனுப்பக் கூடாது. பெண்கள் உதவி எண் 181, எந்த நேரத்திலும் அழைக்கலாம்.