கீழே காத்திருந்த மணி

பெங்களூரைச் சுற்றியுள்ள பாறைகளில் வாரக் கடைசியைக் கழிக்கும் நண்பர் கூட்டம் ஒன்று, தன்னோடு வந்துகொண்டிருந்த நாயைப் பறிகொடுத்தது.

சனிக்கிழமை காலை ஐந்து மணி. மைசூர் சாலையில் லாரிகளுக்கு இடையே புகுந்து செல்லும் சில கார்களின் பின் இருக்கையில் கயிற்றுச் சுருள்கள் கிடக்கின்றன. வாரம் முழுக்கக் கணிப்பொறி முன் உட்கார்ந்து முதுகு வளைந்தவர்கள், இரண்டு நாளாவது நிமிர வேண்டும் என்று கிளம்பியிருக்கிறார்கள். பலருக்கும் இலக்கு, பெங்களூரிலிருந்து சுமார் 50 கி.மீ. தொலைவிலுள்ள ராமநகர. 1975-ல் வெளியான ‘ஷோலே’ படத்தில் கப்பர் சிங் உறுமிய அதே பாறைகள்.

இவை சாதாரணப் பாறைகள் அல்ல. சுமார் 250 கோடி ஆண்டுகள் பழமையான கருங்கல். ராமநகரவுக்கு முன்பு குளோஸ்பேட் என்று பெயர், பாரி குளோஸ் என்ற ஆங்கிலேய அதிகாரியின் நினைவாக. அதனால் புவியியல் நூல்களில் இந்தக் கல்லுக்கும் ‘குளோஸ்பேட் கிரானைட்’ என்றே பெயர். வடக்கே பாதாமியின் செம்மணற்கல் விரல் நுழைய விளிம்பு கொடுக்கும். இங்குள்ள வழவழப்பான சரிவுகளில் அந்தச் சலுகை குறைவு. ரப்பர் அடிப் பாதணி, கல்லின் சொரசொரப்பு, கூடவே துணிச்சல்: இந்த மூன்றை நம்பித்தான் கால் வைக்க வேண்டும். மாகடி அருகே ஒரே கல்லாக எழுந்து நிற்கும் சாவனதுர்காவில் அந்தத் துணிச்சலுக்கு இன்னும் பெரிய சோதனை காத்திருக்கிறது.

ஏறுகிறவரின் இடுப்புப் பட்டையில் கயிறு எட்டு வடிவ முடிச்சாக விழுகிறது. கயிறு சுமார் பத்து மில்லிமீட்டர் தடிமன். விழுந்தால் கொஞ்சம் நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்படி நெய்யப்பட்டது. மறுமுனை கீழே நிற்கும் நண்பரின் கையில். மேலே இருப்பவர் வழுக்கினால், இழுத்து நிறுத்த வேண்டியவர் அவர்தான். அதனால் இந்த விளையாட்டில் நட்பு என்பது வெறும் பேச்சு அல்ல. முடிச்சை ஒருவருக்கொருவர் சரிபார்த்த பிறகே ஏற்றம் தொடங்குகிறது.

2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பாறையேற்றம் முதன்முறையாக இடம்பெற்றது. ஆனால் பெங்களூர் கும்பல்களுக்குப் பதக்கக் கனவு ஏதும் இல்லை. கட்டுச்சோறு, ஃபிளாஸ்க் காபி, சிராய்த்த முழங்கால், திங்கட்கிழமை அலுவலகத்தில் சொல்ல ஒரு கதை. இவை போதும்.

நான் சேர்ந்து ஏறும் கூட்டத்தில் ஐந்து பேர். ஆறாவதாக மணி. எங்களில் ஒருவர் வீட்டில் வளர்ந்த பழுப்பு நிற நாட்டு நாய். ஒன்பது வயது. பெங்களூரின் தெற்கு ஓரத்தில் உள்ள துரஹள்ளிப் பாறைகளுக்குப் போகும்போது அதுவும் வரும். கயிற்றுப் பையின் மேல் படுத்துக்கொண்டு, மேலே போகிறவரை அண்ணாந்து பார்க்கும். அதன் எஜமானர் ஏறினால் மட்டும் எழுந்து நிற்கும். அவர் கால் தரையில் பட்ட பிறகே மறுபடி படுக்கும்.

ராமதேவரபெட்டாவுக்கு மட்டும் மணி வந்ததில்லை. அந்த மலை 2012-ல் கழுகுகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நீள அலகுக் கழுகுகள் கூடு கட்டும் பாறை முகங்களில் மனிதர்கள் ஏறவே கட்டுப்பாடு உண்டு. நாய்க்கு இடமேது? அது நியாயமும்கூட. நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் கிருமி காட்டு விலங்குகளையும் விடாது. 2018-ல் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோது, சிலவற்றின் உடலில் இந்தக் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை மணி சோற்றைத் தொடவில்லை. மறுநாள் காய்ச்சல். ஈறு வெளுத்துப் போனது. பிறகு மூக்கிலிருந்து ரத்தம் கசிந்தது. ரத்தத்தில் தட்டணுக்கள் பெருமளவு குறைந்திருப்பதைப் பரிசோதனை காட்டியது. உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடிக்கும்போது உடலில் புகும் எர்லிக்கியா என்ற நுண்கிருமியின் வேலை. ஆரம்பத்திலேயே பிடிபட்டால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையை சுமார் நான்கு வாரம் கொடுத்துப் பெரும்பாலான நாய்களைக் காப்பாற்றிவிட முடிகிறது. சில நாய்களில் கிருமி மாதக்கணக்கில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்து, எலும்பு மஜ்ஜையைக் கெடுத்த பிறகே வெளியே தெரிகிறது. மணிக்கு நேர்ந்தது அதுதான். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் போய்விட்டது.

உண்ணி துரஹள்ளிப் புதரிலிருந்து வந்ததா? வீட்டில் எல்லோர் மனதிலும் அந்தக் கேள்வி. மருத்துவரின் பதில் அவர்களைச் சற்றே ஆற்றியது. இந்த நோயைப் பரப்பும் பழுப்பு நாய் உண்ணிக்குக் காடு தேவையில்லை. சுவர் விரிசலிலும், கார் நிறுத்துமிடத்திலும், நாய் படுக்கும் சாக்கின் அடியிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுப் பெருகும். எங்கே கடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வெளியே போய் வந்ததும் காது மடல், கால்விரல் இடுக்கு, கழுத்துப் பட்டையின் அடி ஆகிய இடங்களைத் தடவிப் பார்ப்பதும், மருத்துவர் சொல்லும் உண்ணித் தடுப்பு மருந்தை ஆண்டு முழுவதும் தவறாமல் கொடுப்பதும்தான் வழி. நாய் ஒரு வேளைக்கு மேல் சாப்பிட மறுத்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் ரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும்.

அடுக்குமாடி வீட்டுக்காரருக்குக் குழி தோண்டக் கையளவு மண்கூட இல்லை. கெங்கேரிப் பக்கம் செல்லப் பிராணிகளுக்கான இடுகாடு இருக்கிறது. பழைய பெட்ஷீட்டில் சுற்றி, கயிற்றுப் பைகள் வழக்கமாகப் போகும் அதே மைசூர் சாலையில் மணியைக் கொண்டுபோனோம். மறுநாள் திங்கட்கிழமை. நாய் செத்ததற்கு எந்த அலுவலகத்தில் விடுப்புக் கேட்பது? நண்பர் வேலைக்குப் போனார். அவருடைய அம்மாவுக்கு மட்டும் கை பழக்கம் மாறவில்லை. ஒன்பது வருடமாக மணிக்குத் தட்டு வைத்துவிட்டுத்தான் அவர் சாப்பிட உட்காருவார். ஒரு வாரம் வரை ஒரு பிடி அரிசி கூடுதலாகவே வெந்தது.

இரண்டு சனிக்கிழமைகள் யாரும் யாரையும் அழைக்கவில்லை. மூன்றாவது வாரம் நண்பரே ஃபோன் செய்தார். ஆறுதல் சொல்லத் தெரியாத நான்கு பேருக்கு அது நிம்மதி. பாறையில் ஏறுகிறவருக்கு அடுத்த காலடியைத் தவிர வேறு நினைப்பு இருக்க முடியாது. கீழே இருப்பவருக்குக் கயிற்றைத் தவிர வேறு வேலை இல்லை. நான்கு மணி நேரம் அப்படிக் கழிந்தது. இறங்கி வந்தபின் அவர் கயிற்றுப் பையின் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. ஒருவர் கயிற்றைச் சுருட்டினார், இன்னொருவர் காபி ஊற்றினார்.

நாய்க்காக இத்தனை துக்கமா என்று கேட்பவர்கள் கல்வெட்டுகளைப் பார்க்கலாம். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள ஏழாம் நூற்றாண்டு நடுகல், கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயைப் பெயர் சொல்லிப் போற்றுகிறது. மைசூர் சாலையில் ராமநகரவைத் தாண்டினால் வருவது மத்தூர். அந்த வட்டாரத்து ஆதகூரில் கி.பி. 949-50-ஐச் சேர்ந்த கல் ஒன்று கிடைத்தது. தக்கோலப் போரில் சோழ இளவரசர் ராஜாதித்தர் விழுந்ததைச் சொல்லும் அதே கல், காட்டுப் பன்றியோடு பொருது மடிந்த காளி என்ற வேட்டை நாயையும் நினைவுகூர்கிறது. அந்தக் கல்லின் வழிபாட்டுக்கென நிலம் விடப்பட்டது. பூசை செய்யாமல் பூசாரி உண்ணக் கூடாது என்பது நிபந்தனை. அந்தக் கல் இன்று பெங்களூர் கஸ்தூர்பா சாலையிலுள்ள அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.